கழுவாமல் அனுப்பிய போர்டுகள்

வெள்ளிக்கிழமை காலை வீரசோழனிலிருந்து சபுரா பீவியின் மகன் போனில் இறப்புச் செய்தி சொன்னான். “அம்மா மௌத்தாயிட்டாக மாமா.” சில மாதங்களாகவே நெஞ்சு நோவு என்று அவர் வேலைக்கு வரவில்லை. செல்போனிலிருந்து கிணற்று மோட்டாரை இயக்கும் போர்டுகள் செய்கிற என் சிறிய பட்டறைக்கு, தினமும் பஸ்ஸில் அருப்புக்கோட்டை வந்து சால்டரிங் செய்தவர். அப்போது அவருடன் அதே மேசையில் வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய கைநேர்த்தியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் முழுதாகத் தெரிந்திருக்காது.

ஈயம் பிடிக்கத் தடவும் பேஸ்ட், சூடு ஆறியதும் போர்டில் பிசுக்காகத் தங்கிவிடும். தின்னர் தொட்ட பிரஷால் அதைத் தேய்த்து எடுக்காமல் சபுரா எதையும் டப்பாவில் வைக்க மாட்டார். “ஒட்டுனது பாதி வேலைதாண்ணே, கழுவுனாத்தான் முடியும்” என்பார்.

ஓர் ஐப்பசியில் பெரிய ஆர்டர். லோடு வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. கழுவ வேண்டாம், மூடுங்கள் என்றேன்.

“ஈரம் பட்டா அரிச்சிரும்ணே.”

“டப்பாக்குள்ளதான இருக்கு.”

அவர் டப்பாக்களை மூடத் தொடங்கினார். கழுவாத போர்டு இருந்த ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் பேனாவால் ஒரு புள்ளி வைத்ததை நான் கவனிக்கவில்லை.

மழை விட்ட பிறகு திருச்சுழிப் பக்கம் ஒரு தோட்டத்தில், நிறுத்தி வைத்திருந்த மோட்டார் தானாக ஓடியது. பெல்ட் மாற்றிக்கொண்டிருந்த விவசாயியின் மணிக்கட்டு முறிந்தது. சபுராவும் நானும் போனோம். டப்பாவைத் திறந்தால், பேஸ்ட் பிசுக்கு ஈரத்தை இழுத்து, இரண்டு முனைகளுக்கு நடுவே பச்சைக் களிம்பு ஏறி, அதன் வழியாகக் கரண்டு பாய்ந்திருந்தது. கரண்டு கூடிக் குறைந்ததால் இப்படி ஆகியிருக்கும் என்று நான் சொல்லத் தொடங்கினேன்.

“கரண்டு மேல பழி போடாதீகண்ணே,” என்றார் சபுரா. “நாங்க கழுவாமக் குடுத்தது இது.”

விவசாயியின் மனைவி அவரையே பார்த்தார். “தெரிஞ்சுதான் குடுத்தீகளா?”

“தெரிஞ்சுதான் குடுத்தோம்.”

திரும்பும் பஸ்ஸில்தான் புள்ளியைப் பற்றிச் சொன்னார். “புள்ளி மட்டும் வச்சேன். வண்டியில ஏத்தாதீகன்னு சொல்லப் பயமா இருந்துச்சு.” யாரிடம் பயம் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் முதல் ஊர் ஊராகப் போய், புள்ளி வைத்த டப்பாக்களையெல்லாம் கழற்றி வந்தோம். முதல் வாசல்களிலெல்லாம் காரணத்தை அவர்தான் சொன்னார். என் வாயிலிருந்து அது வருவதற்குப் பல வாசல்கள் ஆயின. அந்த விவசாயியின் கை கூடிவிட்டது. ஆனால் இன்றும் முழுதாக மடங்காது.

மேசையிலிருந்து யார் வேண்டாம் என்றாலும் வேலையை நிறுத்திக் காது கொடுப்பது, சபுராவால் எனக்கு வந்த பழக்கம். போன திங்கட்கிழமை, இப்போது சபுராவின் இடத்தில் சால்டரிங் செய்யும் பாண்டியம்மாள் ‘வேண்டாம்’ என்றார், கொஞ்சம் தயங்கித்தான். நிறுத்தினேன்.