ஜெபம் முடியட்டும்

செவ்வாய்க்கிழமை காலை நம் பெற்றோர் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. குழு தொடங்கியதிலிருந்து அதில் ஒரு வார்த்தைகூடப் பேசியிராத, ராணி அக்காவின் கணவர் தங்கராஜ் அண்ணன். “ராணி போயிட்டா. நாளைக்குப் பதினோரு மணிக்கு அடக்கம்.” அவ்வளவுதான். சீத்தா கேம்ப் பகுதியில் ஒரு குழந்தைக்கு மாவு பாக்கெட் கொண்டுபோன வழியில், ரயில்வே பாலத்துப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ராணி அக்கா எழுந்திருக்கவில்லை. அழுவதற்கு முன் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். என் பெண் அபர்ணாவுக்கு மாவு கொடுக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அக்கா என்னைப் பழக்கிவைத்திருந்தது அப்படி.

நம் குழந்தைகளின் உடம்புக்குச் சர்க்கரையைச் சேர்த்துவைக்கத் தெரியும். பசிக்கும்போது வெளியே எடுக்கத் தெரியாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கார்ன்ஃப்ளோரைப் பச்சைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும், தவறினால் வலிப்பு. இதெல்லாம் இப்போது நமக்குப் பாடம். எட்டு வருடத்துக்கு முன் எனக்கு மனசு கேட்கவில்லை. மாட்டுங்காவில் நன்றாகச் சமைக்கிறவர்கள் என்று பெயரெடுத்த வீடு எங்களுடையது. குழந்தைக்குப் பச்சை மாவா என்று, அதைப் பதமாகக் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு, கஞ்சியாக ஊட்டினேன். வெந்த மாவு சீக்கிரம் செரித்துவிடும், நாலு மணி நேரம் தாங்காது. மத்தியானமே வலிப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தாராவியிலிருந்து வந்த ஒரு பெண்மணி என்ன நடந்தது என்று விசாரித்தார். அவர்தான் ராணி அக்கா. சொன்னேன்.

“ஏலக்கா வேறயா? பிள்ளைக்கு ருசியாச் சாவு வேணும்னு நெனச்சியளோ மாமி?”

அத்தனை பேர் முன்னால் கேட்டார். நான் தேம்பினேன். “அழுங்க. அழுது முடிச்சிட்டு மணியப் பாருங்க” என்றார். அவர் மேல் அந்த வெறுப்பு இரண்டு வருடம் எனக்குள் இருந்தது. ஆனாலும் அவர் சொன்ன மணிக்குத்தான் மாவு கலந்தேன்.

செம்பூரில் நடக்கும் நம் கூட்டங்களில் புதிதாக வருகிறவர்களிடம் அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். “நான் ஜெயராணி. எம் பிள்ளயப் பட்டினி போட்டுக் கொன்னவ.” ஐந்து வயது சாம் குணமாக வேண்டுமென்று சபையே உபவாச ஜெபத்தில் உட்கார்ந்ததாம். சாமும் வெறும் வயிற்றோடு உட்கார்ந்தான். பட்டினி கிடக்கவே கூடாத பிள்ளை. பக்கத்தில் தங்கராஜ் அண்ணன் தலை நிமிராமல் மாவைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பார். ஒருமுறை விக்ரோலியிலிருந்து வந்த ஒரு தம்பதி பாதியில் எழுந்து போனார்கள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லக்கூடாதா என்று கேட்டேன்.

“மெதுவாச் சொன்னா மெதுவாத்தான் கேப்பிய.”

புதன்கிழமை கல்லறைத் தோட்டத்தில் பாஸ்டரின் ஜெபம் முடிகிற மாதிரி இல்லை. பன்னிரண்டு மணிக்கு என் போனில் மாவுக்கான அலாரம் அடித்தது. எல்லோரும் கண்மூடி நின்றார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அலாரத்தை அணைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற அபர்ணாவிடம், “இரு கண்ணா, ஜெபம் முடியட்டும்” என்றேன். அக்காவின் பெட்டிக்கு இரண்டடி தள்ளி நின்று சொன்னேன்.

தங்கராஜ் அண்ணன் பெட்டிப் பக்கத்திலிருந்து வந்தார். என் பையிலிருந்த மாவு பாட்டிலை எடுத்து, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அபர்ணா கையில் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

“சாமுக்கு உபவாசம் இருந்த அன்னைக்கு அவ மாவத் தம்ளர்ல கலக்கிட்டு எந்திரிச்சா. நாந்தான் கையப் புடிச்சி உக்கார வச்சேன். ஜெபம் முடியட்டும்னு சொன்னேன். பதினாலு வருசம் எம் பேர ஒருத்தர்ட்டயும் சொல்லல. ஆனா ஒவ்வொரு கூட்டத்துலயும் என்னையப் பக்கத்துல உக்கார வச்சித்தான் அதச் சொல்லுவா.”

ஆறுதலுக்காக அவர் நிற்கவில்லை. பெட்டியை இறக்கப் போனார்.

அக்கா எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக ஞாபகம் இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த அறிமுகத்தைத்தான். அடுத்த கூட்டத்தில், அவர் நின்ற இடத்தில் நின்று, புதிதாக வரும் தாயிடம் சொல்லப்போகிறேன்: “நான் லலிதா. ஏலக்காய் போட்ட கஞ்சி குடுத்து என் குழந்தைக்கு வலிப்பு வரவழைச்சவ. எட்டு வருஷம் கழிச்சும், நாலு பேர் பார்ப்பாளேன்னு அவளைக் காக்க வெச்சவ.”