ஒரே சுற்றில் சரியாகும் கப்பல்

எண்பதுகளின் கடைசியில் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் நான் வெல்டர். ஞாயிற்றுக்கிழமையானால் பிரிக்பீல்ட்ஸில் இருந்த நண்பன் வீட்டுக்குப் போய்விடுவேன். அவன் அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. கட்டம் போட்ட அட்டையில் காகிதக் கப்பல்களை வைத்து, பகடை உருட்டிக் கடற்போர் ஆடுவோம். விதிகளையெல்லாம் எழுதியவன் அவன்தான்.

குண்டடிபட்ட கப்பல் துறைமுகத்தில் ஒரு சுற்று நின்றால் போதுமாம், புதுசாகிவிடுமாம். ஒரு சுற்று என்பது ஒரு நாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு நாள்ல டேங்க்ல இருக்கற கேஸ்கூட போகாதுடா. இதென்ன சைக்கிள் பஞ்சரா?"

"வெளையாட்டுதானே லா."

விளையாட்டாம். பேனாவைப் பிடுங்கி நானே எழுதினேன். கப்பலை ஏற்றும் தளம் காலியாக இருக்க வேண்டும். இரும்புத் தகடு வந்து சேர வேண்டும். கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் தேங்கிய வாயு போகக் காற்றடிக்க மட்டும் தனியாக ஒரு சுற்று. அவன் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டான்.

கடைசியாக ஒரு விதி பாக்கி இருந்தது. தொட்டிக்குள் ஒருவன் இறங்கினால், மேலே திறப்பில் ஒருவன் நிற்பது எங்கள் வழக்கம். சுத்தியலால் மூன்று தட்டு தட்டுவான். உள்ளிருந்து பதில் தட்டு வராவிட்டால் ஆள் மயங்கிவிட்டான் என்று அர்த்தம். அதற்கு முந்தைய மாதம், ஆள் பத்தவில்லை என்று மேலே நின்றவனை மேற்பார்வையாளர் வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டு போனார். உள்ளே இருந்தவன் பட்டறைக்குப் பக்கத்தில் பண்டமாரானில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன். மேலே நின்றவன் நான். திரும்பி வந்து தட்டினேன். பதில் இல்லை.

'மேலே ஆள் இல்லாமல் பகடையில் ஒன்று விழுந்தால், தொழிலாளி சாவு' என்று எழுதி நீட்டினேன். போரில் செத்தவர்களுக்கெல்லாம் அட்டையில் கணக்கு இருக்கிறது, இவனுக்கு மட்டும் ஏன் இல்லை?

நண்பன் கேலி செய்யவில்லை. நிதானமாகப் படித்தான்.

"சரி, போட்டுக்கலாம். ஆள் செத்துட்டா கப்பல் எத்தன சுற்று லேட்டாகும்? அதையும் எழுதணும்ல?"

உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்று கத்தியவன் நான்தான். அவன் செத்த மறுநாள் காலையே மிச்ச வேலையை முடிக்க அதே தொட்டிக்குள் என்னை இறங்கச் சொன்னார்கள். நானும் இறங்கினேன். கப்பல் சொன்ன தேதியில் கிளம்பிப் போனது.

"லேட்டாகாது," என்றேன்.

"அப்ப இந்த ரூல் எதுக்கு?"

என் கையிலிருந்து பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தான். நான் தடுக்கவில்லை.