வேலப்பன் சார் சுவரில் ஒட்டிய படங்கள்

நெடுநாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன், இனி முடியாது. வேலப்பன் சார் இறந்த செய்தி, பாறசாலையில் ரயிலுக்கு நிற்கும்போது வந்தது. மாலையில் திரும்பினால் பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் சங்கத்தின் பிளெக்ஸ்: ‘மண்ணைக் காத்த ஆசிரியர்’. அவரை மன்னிப்பு எழுத வைத்த அதே சங்கம்.

என்னைப்போல அவரோடு ஆசிரியராக வேலை பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். மண்வளச் சீரழிவு பாடத்தில் ஒன்பதாம் வகுப்பு முழுக்க நல்ல மதிப்பெண் வாங்கியது. அவருக்கு மட்டும் மகிழ்ச்சி இல்லை. விடைத்தாள்களை மேசைமேல் போட்டுவிட்டு, “எல்லாம் தெரியும் ஓய் இதுகளுக்கு. ஆனா மண்ணு போறது வேற ஏதோ நாட்டிலயாக்கும்ணு நெனப்பு” என்றார்.

மறுவாரம், வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்குமான வழியைப் படம் வரையச் சொன்னார். குன்றை வெட்டிய இடத்துக்குச் சிவப்பு, மண்ணடித்து நிரப்பிய வயலுக்குக் கறுப்பு. ஒரு பெண்பிள்ளை எழுந்து கேட்டாளாம்: “சாரே, புக்கில உள்ளத வரையணுமா, நெசமாட்டு வரையணுமா?”

நெசமாட்டு வரைந்தார்கள். யார் குன்று, யார் வயல் என்று பெயரும் எழுதினார்கள். கொல்லயில் ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் தன் அப்பாவின் மண் ஏற்றும் டிப்பரையே வரைந்திருந்தான். அத்தனையையும் சார் பெற்றோர் கூட்டத்தன்று சுவரில் ஒட்டினார். பெற்றவர்கள் பார்த்துப் பெருமைப்படுவார்கள் என்று நம்பினார். அவர் செய்த பிழை அதுதான்.

டிப்பர்காரர் கூட்டத்தில் எழுந்தார். “சாரே, பிள்ளையள படிக்க விட்டமா, ஒற்று சொல்ல விட்டமா? நீரு இருக்க வீட்டுக்கு மண்ணு ஆகாசத்திலேருந்தா விழுந்தது?” முதலில் சிரித்தவர் தலைமையாசிரியர். சார் குடியிருந்தது ஒரு பழைய வாடகை வீட்டில். அது எனக்குத் தெரியும். எழுந்து சொல்லவில்லை. வயலை நிரப்பிக் கட்டிய என் வீட்டுக்குக் கறுப்புப் பூசி ‘சாருக்க வீடு’ என்று எழுதியிருந்த ஒரு படத்தை, கூட்டத்துக்கு முன்பே சுவரிலிருந்து பிய்த்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

அன்றே மன்னிப்புக் கடிதம் வாங்கிவிட்டார்கள். மறுநாள் ஆசிரியர் அறையில் சார் என் பக்கத்தில் வந்து நின்றார். “நீரு அந்தப் படத்த எடுத்தது நல்லதாக்கும். சுவத்தில இருந்திருந்தா அந்தப் பிள்ளைக்குத்தான் கேடு, அதுக்கு மார்க்கு போடது நீருல்லா” என்றார். குரலில் கோபமே இல்லை. தலைமையாசிரியரின் சிரிப்பைப்போல அதையும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்த ஆண்டும் அந்தப் பாடம் நடந்தது. பிள்ளைகள் யாரும் எதுவும் கேட்கவில்லை. புத்தகத்தில் உள்ளதை எழுதினார்கள், மதிப்பெண் குறையவில்லை. சார் அதற்குப்பின் படம் வரையச் சொன்னதில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு படம். நான் தூர்த்த வாய்க்காலைக்கூட நீலத்தில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறாள் அந்தப் பிள்ளை.

நினைவு மலருக்கு எழுதச் சொல்லி எல்லா ஆசிரியர்களையும் கேட்டிருந்தீர்கள். பெயர் போட்டால் அது எந்த வீடு என்று தெரிந்துவிடும்; நான் இன்னும் அதில்தான் இருக்கிறேன். பெயரில்லாமல் பனச்சமூட்டில் தபாலில் சேர்க்கிறேன்.