நூலாகத் திறந்த குழாய்

என் அக்காவின் கைகளுக்காகத்தான் வீட்டில் ஹீட்டர் வைத்தேன். அந்த ஹீட்டரால்தான் அவள் என் வீட்டை விட்டுப் போனாள். ஏன் போனாள் என்பது அவள் இறந்த பதினாறாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே என் மேல் எனக்குக் கோபம் வந்து எழுந்து போய்விடுவேன். எழுத உட்கார்ந்தால் அப்படிப் போக முடியாது என்று நினைக்கிறேன், பார்க்கலாம்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது பெரியவள். கட்டிக்கொண்டவன் இரண்டாம் வருஷமே விட்டுவிட்டுப் போய்விட்டான். அதன்பிறகு சித்தூரில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, மாம்பழக் கூழ் எடுக்கிற ஃபாக்டரியில் பழம் நறுக்கப் போய்க்கொண்டிருந்தாள். சீசன் முழுக்க கை ஈரத்திலேயே இருக்கும். ஐம்பது தாண்டியதும் விரல் கணுக்கள் வீங்கிவிட்டன. காலையில் மடக்கிய விரல் நீளாது, நீட்டிய விரல் மடங்காது. புடவைக்கு ஊக்குக் குத்தவே பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. பச்சைத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது, வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், நான் போய் வம்படியாக அவளைத் திருப்பதிக்கு அழைத்து வர ஏற்பாடு செய்தேன்.

"தம்பி வூடுன்னாலும் அது இன்னொரு பொம்பள வூடுடா" என்றாள். "நான் இங்கியே இருந்துக்கிறேன்."

"அந்தப் பேச்சே பேசாத. நீ வந்தா உனக்குன்னு ஹீட்டர் வெக்கிறேன்" என்றேன்.

ஹீட்டர் விஷயத்தில் நான் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று எனக்கே ஒரு எண்ணம் உண்டு. திருச்சானூரில் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் உட்கார்ந்து பிழைப்பவன் நான். காலையில் கோயிலுக்குக் கிளம்புகிறவர்கள் ரூமுக்கு ரூம் போன் அடிப்பார்கள். "சார், சுடுதண்ணி வரல." இந்த மூன்று வார்த்தையைத் தமிழில், தெலுங்கில், இந்தியில், கன்னடத்தில் கேட்டிருக்கிறேன். "இடது பக்கக் குழாயைத் திறந்து ரெண்டு நிமிஷம் விடுங்க. இப்ப வருதா?" என்று எல்லா பாஷையிலும் பதில் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டுக்கு ஒரு ஹீட்டர் தேர்ந்தெடுப்பதென்றால் சும்மாவா. மூன்று வாரம் என் மனைவியின் உயிரை எடுத்தேன்.

டேங்க் வைத்த கீசர் வேண்டாம், ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஒருவர் குளித்ததும் அடுத்தவருக்கு ஆறிப்போகும். பக்கெட்டில் போடுகிற ராடு வேண்டவே வேண்டாம், அக்கா மறந்துபோய்க் கையை விட்டுவிட்டால் என்ன ஆவது. சோலாருக்கு வீட்டுக்காரர் மொட்டை மாடியைத் தரமாட்டார். கரண்ட்டில் உடனே சூடாக்குகிறது ஒன்று இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டு ஒயரிங் அதைத் தாங்காது என்று எலக்ட்ரீஷியன் கையை விரித்துவிட்டார். கடைசியில் கேஸில் ஓடுகிற இன்ஸ்டன்ட் ஹீட்டர் என்று முடிவானது. குழாயைத் திறந்தால் தானே பற்றிக்கொள்ளும், மூடினால் தானே அணையும், எத்தனை பேர் குளித்தாலும் வெந்நீர் தீராது. குளியலறைக்குள் வைத்தால் ஆபத்து என்று சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்தில், காற்றாட, தனி சிலிண்டரோடு மாட்ட வைத்தேன். எல்லாம் யோசித்தேன். எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

மாட்ட வந்த மெக்கானிக் கிளம்பும்போது தெலுங்கில் ஒன்று சொன்னார். குழாயை ஃபுல்லாகத் திருப்புங்கள் சார், தண்ணீர் வேகமாகப் போனால்தான் இது பற்றும் என்றார். சரி சரி என்று தலையாட்டினேன். எங்கள் வீட்டில் குழாயை யார் பாதி திறக்கிறார்கள்? எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

கார்த்திகை கடைசியில் அக்கா ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். வந்த அன்றே குளியலறைக்கு இழுத்துப் போய், சிவப்புப் பொட்டு வைத்த குழாயை நானே முழுசாகத் திறந்து காட்டினேன். பின்னால் டிக் டிக்கென்று சத்தம், அப்புறம் பொப்பென்று தீ பற்றுகிற சத்தம். பக்கெட்டில் ஆவி பறந்தது. அக்கா விரலை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். ஒரு நிமிஷம் கையை அதிலேயே வைத்திருந்தாள். அவள் முகம் இளகியது.

அடுத்த நொடி அவள் கை தானாகக் குழாய்க்குப் போனது. "இன்னாத்துக்குடா இம்மாம் தண்ணி?" என்று சொல்லிக்கொண்டே பாதிக்கு மேல் மூடிவிட்டாள்.

நான் சிரித்தேன். "சித்தூர்க்காரின்றது சரியா கீது பாரு" என்றேன்.

சிரிக்காமல் என்ன செய்வது. சித்தூரில் அவள் இருந்த சந்தில் டேங்கர் லாரி வந்தால்தான் தண்ணீர். வந்த தண்ணீரைக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து அடுத்த லாரி வரும் வரை ஓட்ட வேண்டும். அங்கே குழாயை யாரும் முழுசாகத் திறக்க மாட்டார்கள். நூல் மாதிரி திறந்து, கீழே பக்கெட்டை வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். முழுசாகத் திறந்துவிட்டுப் போனால் அக்கம்பக்கத்தில் முகம் சுளிப்பார்கள். அக்காவுக்கு அது பழக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது, அது அவள் மானத்தோடு சேர்ந்த விஷயம்.

எங்கள் காலைகள் இப்படி ஓடின. நான் ஐந்தரைக்குக் குளித்துவிட்டு லாட்ஜுக்குக் கிளம்பிவிடுவேன். என் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள், ஏழரைக்குக் கிளம்புவாள். "நீங்க வேலைக்குப் போறவங்க, மொதல்ல குளிங்க. எனக்கு இன்னா அவசரம்" என்று அக்கா கடைசியாகத்தான் குளிப்பாள். அப்போது வீட்டில் வேறு யாரும் இருக்க மாட்டோம்.

இரண்டொரு முறை கேட்டிருக்கிறேன். "ஹீட்டர் எப்பிடி கீது அக்கா?"

"நல்லா கீதுடா" என்பாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நான் கேட்டது என் ஹீட்டரைப் பற்றி, அவள் குளித்த தண்ணீரைப் பற்றி இல்லை. பாராட்டுக்காகக் கேட்ட கேள்வி அது. சிலிண்டர் நினைத்ததைவிட அதிக நாள் வந்தபோதுகூட, "பாத்தியா, நான் பொறுக்கி எடுத்தது" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

மார்கழி பாதியில் அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். சாப்பிடும்போது சாதம் விரலிடுக்கில் நழுவியது. மருந்து சரியில்லையோ என்று மாத்திரையை மாற்றினோம். என் மனைவி எதையாவது கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வரும். "அண்ணிக்கு என் மேல ஏதோ கோபம்ங்க" என்று மனைவி சொன்னாள். பொங்கல் கழிந்த மறுநாள் பார்த்தால், அக்காவின் பெட்டி வாசற்படியில் இருந்தது.

"நான் சித்தூருக்கே போறேன்டா."

"ஏன், இங்க உனக்கு இன்னா கொற?"

"கொறயெல்லாம் ஒண்ணுமில்ல. அங்க இருந்தே பழகிப்போச்சி."

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. என் குணம் அப்படி. நல்லது செய்தால் நன்றாக இருக்கிறது என்று உடனே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் எனக்குப் பொறுக்காது. "உனக்காக அலைஞ்சி திரிஞ்சி ஹீட்டர் வெச்சேன். இன்னும் இன்னா செய்யணும் உனக்கு? யார் இன்னா செஞ்சாலும் உனக்குப் பத்தாது. அதான் யாரும் உன்கூட நிக்கல" என்றேன்.

கடைசி வாக்கியம் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. விட்டுப்போன புருஷனைத்தான் சொல்கிறேன் என்று அவளுக்கும் புரிந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. என் மனைவியை ஒரு பார்வை பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் வேணாம்டா. நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்காம இருந்தா போதும்" என்றாள். நாங்கள் சண்டையே போடவில்லையே, இது என்ன பேச்சு என்று அப்போது நினைத்தேன். பஸ் ஸ்டாண்டுக்குக்கூட நான் போகவில்லை. ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டது மனைவிதான்.

உகாதிக்கு அக்கா போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. அவளாக வந்து பேசட்டும் என்று இருந்தேன், அவளாகத்தான் பேச வந்தாள் என்பதுகூட அந்தக் கோபத்தில் உறைக்கவில்லை. மாம்பழ சீசன் தொடங்கியபோது பக்கத்து வீட்டம்மாவிடமிருந்து போன் வந்தது. காலையில் கதவைத் தட்டியும் அக்கா எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாள், இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

பதினாறாம் நாள் காரியம் சித்தூரில் அந்த அறையிலேயே நடந்தது. எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, பக்கத்து வீட்டம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கையில் ஒரு சின்ன அலுமினியப் பாத்திரம் இருந்தது. தினமும் காலையில் அதில் தண்ணீர் காய்ச்சி, அக்காவின் விரல்களை அதில் ஊற வைத்து, பிறகு அவர்தான் ஊக்குக் குத்திவிடுவாராம்.

"உங்ககிட்ட சொல்லலாமா கூடாதான்னு தெரியல. ஆனா மனசு கேக்கல" என்றார். "உங்க வூட்ல எல்லாருக்கும் சுடுதண்ணி வரும், எனக்கு மட்டும் வராதுன்னு சொல்லிக்கினு இருந்தாங்க உங்க அக்கா. உங்க சம்சாரம் வேலைக்குப் போகசொல்ல பின்னாடி போய் எதையோ மூடிட்டுப் போவாங்களாம். அதுக்கு அப்பறம் தண்ணி சில்லுன்னுதான் வருமாம். கேஸ் செலவாவுதுன்னு நெனைக்கிறாங்க போல, இருக்கட்டும், தம்பிகிட்ட சொன்னா புருசன் பொண்டாட்டிக்குள்ள சண்ட வரும்னு சொல்லவேயில்லயாம். அடுத்தவங்க வூட்டு சிலிண்டர்ல கை வெக்கவும் அவங்களுக்கு மனசு வரல."

அன்றைக்கே மனைவியோடு பஸ் பிடித்துத் திருப்பதிக்குத் திரும்பினேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். நீ எதை மூடினாய், அவளுக்கு ஏன் மூடினாய் என்று. அவளுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தலை துவட்டுன துண்டைக் காயப்போடத்தாங்க பின்னாடி போவேன். வாஷிங் மெஷின் மூடியை மூடிட்டு வருவேன். சிலிண்டரைத் தொட்டதே இல்லீங்க" என்று அழுதாள். நான் நம்பவில்லை. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளை அந்த அரைமணி நேரம் நான் நம்பவில்லை, அதையும் எழுதிவைக்க வேண்டும்.

முகம் கழுவக் குளியலறைக்குப் போனேன். பக்கெட்டை வைத்துச் சிவப்புப் பொட்டுக் குழாயைத் திறந்தேன். பதினாறு நாளாகச் சித்தூருக்குப் போவதும் வருவதுமாக இருந்ததில் என் கையும் மாறிப்போயிருந்தது போல, நூல் மாதிரிதான் திறந்தேன். தண்ணீர் விழுந்தது. ஒரு நிமிஷம் போயிற்று. சில்லென்றே விழுந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

இன்னும் கொஞ்சம் திருப்பினேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். டிக் டிக் டிக், பொப். கையில் சூடு ஏறியது. திரும்பக் குறைத்தேன். அணைந்துவிட்டது. கூட்டினேன், குறைத்தேன், கூட்டினேன். எத்தனை தடவை என்று தெரியாது. சத்தம் கேட்டு மனைவி எழுந்து பின்பக்கம் போய் ஹீட்டரின் சின்னக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அங்கிருந்தே அவள் குரல் வந்தது.

"எரியுது... அணைஞ்சிடுச்சி... எரியுது." கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணி எப்பவும் சன்னமாத்தானே தொறப்பாங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த முதல் நாள் ஞாபகம் வந்தது. அக்கா குழாயைப் பாதிக்கு மேல் மூடியபோது பின்னால் தீ அணைந்த சத்தம் கேட்டது. என் காதில் விழுந்தது. நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

மார்கழி முழுக்க அவள் அந்தத் தண்ணீரில்தான் குளித்திருக்கிறாள், அந்த விரல்களோடு. தம்பி வீட்டில் தனக்கு வெந்நீர் கிடையாது என்று நம்பிக்கொண்டே, நல்லா கீதுடா என்று சொல்லியிருக்கிறாள். அப்படி நம்பிக்கொண்டேதான் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளிடம் போய், உனக்கு யாரும் எதையும் மூடவில்லை அக்கா, குழாயை இன்னும் ஒரு சுற்றுத் திருப்பினால் போதும் என்று சொல்ல இப்போது வழியில்லை.

இன்றைக்குக் காலையிலும் லாட்ஜில் ஒரு ரூமிலிருந்து போன் வந்தது. வயதான ஓர் அம்மா, தண்ணீர் சில்லென்று வருகிறது என்றார். குழாயை முழுசாகத் திறக்கச் சொன்னேன். போனை வைக்காமல் காத்திருந்து, "வருதாம்மா?" என்று கேட்டேன்.

"வருதுப்பா, நல்லா வருது" என்றார் அவர்.