சவுக்காரக் குளவி

எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டதெல்லாம் என் வாயால்தான். "கொப்பரைச் சாப்பிட வரச் சொல்லு" என்பார் அம்மா. கொப்பர், அதாவது என் அப்பா, பக்கத்துக் கதிரையில்தான் இருப்பார். நான் திரும்பிச் சொல்லுவேன். "கொம்மாட்டைச் சொல்லு, பிறகு சாப்பிடுறன்" என்பார் அவர். அதையும் நான் இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லவேண்டும். எனக்கு அது ஒரு பெரிய உத்தியோகம் மாதிரி. இயல்பிலேயே நான் வாய்க்காரி, கேட்கவா வேணும்!

நான் வயிற்றில் இருக்கும்போதே கனடாவுக்கு வந்துவிட்டவர் அப்பா. நானும் அம்மாவும் ஸ்காபரோவுக்கு வந்து சேரும்போது எனக்கு எட்டு வயது. அத்தனை காலமும் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தனியாகப் படுத்துப் பழகிய மனுசன். எங்களில் அவருக்கு விருப்பம் இல்லை என்றில்லை. எங்களோடு எப்படி இருப்பதென்றுதான் தெரியவில்லை. இந்த ஞானமெல்லாம் இப்போது வந்தது. அப்போது எனக்கு அப்பா என்றால் படத்திலிருந்து இறங்கி வந்த ஆள். அவர் எந்தப் பக்கம் போனாலும் பின்னாலேயே போவேன்.

வந்த புதிதில் குளியலறை வாளி ஒழுகியது. அம்மா உடுப்புத் தோய்க்கிற மஞ்சள் சவுக்காரத்தில் ஒரு துண்டு கிள்ளி, ஊரில் செய்வதுபோல உருட்டி, ஓட்டையில் அப்பி அடைத்துவிட்டார். தெருவுக்குத் தெரு வாளி விற்கிற நாட்டில் இப்படியொரு வைத்தியம்! அப்பா அதைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் வெட்கத்தோடு சிரித்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

அந்தக் கோடையில் அப்பா ஒரு பழைய காம்பிங் ட்ரெயிலரை தன் வான் வண்டியின் பின்னால் கொழுவி இழுத்துவந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். உள்ளே கட்டில், மேசை, அடுப்பு, குளிருக்கு ஹீற்றர் எல்லாம் இருந்தன. அடுப்பும் ஹீற்றரும் முன்னால் பூட்டியிருந்த காஸ் சிலிண்டரில் எரிந்தன. எங்களைக் காம்பிங் கூட்டிப்போகத்தான் வாங்கினார் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். கொஞ்ச நாளில் அப்பா இரவில் அதிலேயே படுக்கத் தொடங்கினார். "ஏனப்பா?" என்று கேட்டேன். "எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதோ எண்டு பாக்கிறன் பிள்ளை" என்றார். சரியான கவனமான ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

குளிர் தொடங்கியபோது ஹீற்றர் மக்கர் பண்ணியது. கொஞ்ச நேரம் எரியும், பிறகு நூர்ந்துவிடும். விறைத்துப்போய் அப்பா போர்வையோடு வீட்டுக்குள் வந்து சோபாவில் படுத்தார். நானும் என் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ச் சோபாவுக்குக் கீழே படுத்தேன். காலையில் அம்மா இடியப்பமும் சொதியும் வைத்தார். "கொப்பரை இன்னும் ரெண்டு போட்டுச் சாப்பிடச் சொல்லு" என்றார். நான் சொல்லுமுன்னமே அப்பா தட்டை நீட்டிவிட்டார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். ஹீற்றர் நூர்ந்ததே என்று அப்பா கவலைப்பட, எனக்கோ வாழ்க்கையில் அதைப்போல நல்ல வாரம் வாய்க்கவில்லை.

சனிக்கிழமை அப்பா சாமான்களைப் பரப்பினார். சிலிண்டரை மாற்றிப் பார்த்தார். அடுப்பைப் பற்றவைத்தார். நெருப்பு மஞ்சளாய் எழும்பிச் சுருங்கிச் செத்தது. சவுக்காரத் தண்ணியைக் குழாய் மூட்டுகளில் தடவினார். காஸ் ஒழுகினால் குமிழி வரும், ஒன்றும் வரவில்லை. "அப்ப ரெகுலேற்றர்தான்" என்றார். சிலிண்டரிலிருந்து சீறிவருகிற காஸை அடக்கி அளவாய் விடுகிற, உள்ளங்கையளவு சாமான் அது. அதில்தான் பிழை இருக்குமென்ற சந்தேகத்தில் புதிது ஒன்று ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்.

சிலிண்டரின் திருகை மூடிவிட்டுப் பழையதைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். அது மூச்சு விடுவதற்கென்று அடியில் ஒரு சின்ன ஓட்டை. அந்த ஓட்டை அடைத்திருந்தது. ஆணியால் கிண்டினார். மஞ்சளாய் ஏதோ உதிர்ந்தது. விரலில் தேய்த்து மணந்து பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, அம்மா சமைக்கிற குசினியின் யன்னலைப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை.

"என்னப்பா அது?"

"குளவி. கூடு கட்டியிருக்கு."

நானும் மணந்து பார்த்தேன். "உது சவுக்காரமெல்லோ! குளவி சவுக்காரம் கொண்டுவருமோ?"

"கனடாக் குளவி கொண்டுவரும்" என்றார். சிரிக்கவில்லை.

பழையதை ஒரு கையிலும் புதியதை மறுகையிலும் வைத்துக்கொண்டு படியில் குந்திவிட்டார். எனக்கென்றால் பொறுமை போய்விட்டது. "கெதியாப் பூட்டுங்கோ அப்பா, காம்பிங் போகவேணுமெல்லோ" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு எழும்பிப் புதியதைப் பூட்டி இறுக்கினார். சவுக்காரத் தண்ணி தடவிப் பார்த்து, அடுப்பைப் பற்றவைத்தார். நெருப்பு நீலமாய், அசையாமல் நின்றது. ஹீற்றரும் உறுமிக்கொண்டு எரிந்தது. நான் கைதட்டிக் குதித்தேன்.

செய்தியைச் சுமந்துகொண்டு குசினிக்கு ஓடினேன். அம்மா மாவைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அம்மா, அப்பா கண்டுபிடிச்சிட்டார்! குளவி ஒண்டு சவுக்காரத்தாலை ஓட்டையை அடைச்சுப்போட்டுதாம்!"

அம்மாவின் கை நின்றது. "வேறென்ன சொன்னவர்?"

"வேறொண்டும் சொல்லேல்லை."

"வடிவா யோசிச்சுச் சொல்லு. என்னட்டைச் சொல்லச் சொல்லி ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லையம்மா."

அம்மா மாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இப்ப எரியுதோ?"

அடுத்த வாரமே அப்பா தூரத்தில் விட்பி என்ற ஊர்ப் பக்கம் வேலை என்று ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு போகப்போகிறார் என்பதும், பிறகு வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வருவார் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவுக்கு நல்ல செய்தி சொல்கிற சந்தோஷம் எனக்கு.

"ஓமம்மா" என்றேன். "நல்லா எரியுது. இனி நூராதாம்."