ஆடிக்குப் போகாத மருமகள்

தீபிகா மந்தைவெளிக்கு மருமகளாக வந்து முப்பத்தெட்டாவது நாள். மறுநாள் ஆடி பிறக்கிறது. அவளை ஊருக்கு அழைத்துப் போக அம்மாவும் அப்பாவும் சங்கரன்கோவிலிலிருந்து சீர்த் தட்டுகளோடு காலை ரயிலில் வந்து இறங்கியிருந்தார்கள். கூடத்தில் பழமும் பட்டுப் புடவையும் பரப்பி வைத்தாயிற்று. அவளுடைய பெட்டி மட்டும் அலமாரிக்கு மேலேயே கிடந்தது.

"சாயங்காலம் வண்டி. துணிமணியை இப்பவே எடுத்து வையி" என்றாள் அம்மா.

"நான் வரலைம்மா. திங்கக்கிழமை காலேஜ் திறக்குது."

இது திடீரென்று முளைத்த பேச்சு இல்லை. தீபிகா சென்னையில் விடுதியில் தங்கிச் சட்டம் படித்தவள். மூன்று வருடப் படிப்பில் ஒரு வருடம் முடிந்திருந்தபோது அப்பா மாணிக்கவாசகத்துக்குப் பக்கவாதம் வந்தது. படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனாள். அவரைத் தூக்கி உட்காரவைத்து, நடக்கவைத்து, மறுபடி கையெழுத்துப் போடவைக்க இரண்டு வருடம் ஆனது. அதன்பிறகுதான் தி. நகரில் ரவிக்கைத் துணிக் கடை வைத்திருக்கும் ராஜரத்தினத்தின் மகன் சக்திவேலின் சம்பந்தம் வந்தது. பெண் பார்க்க வந்த அன்றே, "நான் படிப்பை முடிக்கணும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். "படிக்கட்டுமே, யாரு வேண்டாங்கா?" என்று சிரித்தாள் சக்திவேலின் தாய் இசக்கியம்மாள்.

கல்யாணமான மூன்றாம் வாரம், அடையாறில் இருந்த கல்லூரி அலுவலகத்துக்குத் தீபிகா தனியாகப் போய் நின்றாள். அங்கிருந்த குமாஸ்தா கோப்பைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னாமா, ரெண்டு வருசம் கழிச்சு வந்துகினு கீறே. யுனிவர்சிட்டி ஆர்டர் வந்துடுச்சு, மறுபடி சேர்ந்துக்கலாம். ஆனா மொத நாள்ல இருந்து வரணும். அட்டெண்டன்ஸ் கொறஞ்சா பரீட்சை எழுத வுட மாட்டாங்க. அப்பால என்கைல வந்து அழுவக் கூடாது."

ஆடி முழுக்க ஊரில் இருந்தால் ஒரு மாத வகுப்பு போய்விடும். இன்னொரு வருடத்தை விடுவதற்கு அவள் தயாராக இல்லை.

இசக்கியம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "புதுசாக் கட்டிக்கிட்டு வந்த பிள்ளைய ஆடியில எந்த வீட்டுல வச்சிருக்காவ? சொந்தபந்தம் என்ன பேசும்?"

"எதுக்கு அத்தை ஆடியில பிரிச்சு வைக்கிறாங்க?"

காரணம் எல்லாருக்கும் தெரியும். மாணிக்கவாசகம் மின்விசிறியைப் பார்த்தார். தீபிகாவே சொன்னாள்.

"ஆடியில கரு தங்கினா சித்திரை வெயில்ல பிள்ளை பிறக்கும். அதுக்குத்தானே? சரி, பிரிஞ்சே இருக்கோம். அவங்க போகட்டும்."

"எவுக?"

"உங்க மகன்."

"ஏட்டி!" மாணிக்கவாசகத்தின் குரல் குழறியது, கோபம் வந்தால் இன்னமும் அப்படித்தான். "மாப்பிள்ளைய அவுக வீட்டை விட்டே போகச் சொல்லுதியா?"

"என்னைப் போகச் சொன்னப்போ யாருக்கும் அது தப்பாத் தெரியலையேப்பா."

ராஜரத்தினம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "கடைக்கு நேரமாச்சு" என்று எழுந்தார். அப்போதுதான் அதுவரை கதவோரம் நின்றிருந்த சக்திவேல் பேசினான்.

"நான் கடை மாடியில இருந்துக்கிறேன்மா. ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு வந்துக்கிட்டே இருக்கும், எப்படியும் ஒரு ஆள் அங்கே வேணும்."

இசக்கியம்மாள் மகனைப் பார்த்த பார்வையில் அவன் காது சிவந்துவிட்டது. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

அம்மா அழுதுகொண்டே தட்டுகளை அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்பா விடைபெறும்போது மகள் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் அவளோடு ஃபோனில் பேசவில்லை. எழுத்து எழுத்தாக அவள் கை பிடித்து எழுதவைத்த மனிதர். அவர்கள் கிளம்பிய அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் அழுதாள் தீபிகா. திங்கட்கிழமை காலை மந்தைவெளி நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறி, கஸ்தூரிபாய் நகரில் இறங்கி, முதல் மணி அடிக்கும் முன்பே வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

வகுப்பும் இனிமையாக இல்லை. மற்றவர்களெல்லாம் இருபத்திரண்டு, இருபத்து மூன்று. மஞ்சள் காயாத தாலிக்கயிற்றோடு வந்தவளை அவர்கள் ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றார்கள். முதல் வருடப் பாடத்திலிருந்து பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார். தப்பாகச் சொன்னாள்; பின்வரிசையில் சிரிப்பு கேட்டது. மறுநாள் முதல் வரிசைக்கு மாறினாள். பக்கத்தில் இருந்த மெஹக் என்ற ராயப்பேட்டைப் பெண் தன் பழைய நோட்டுகளை அவள் பக்கம் நகர்த்தி, "அக்கா, இதுல இருக்கிற எழுத்துப் பிழைக்கு நான் பொறுப்பில்லை" என்றாள்.

வீட்டில் இசக்கியம்மாள் மருமகளோடு நேராகப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். சுவரைப் பார்த்து, "சோறு இருக்கு. வேணுங்கிறவ போட்டுத் திங்கட்டும்" என்பாள். தீபிகா சுவருக்குப் பதில் சொல்லவில்லை. "காலைச் சமையல் நான் பண்றேன் அத்தை. சாயங்காலம் படிக்கணும், என்னால முடியாது" என்று அத்தையின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். சொன்னபடி தினமும் ஆறு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். முதல் நாள் அவள் வைத்த புளிக்குழம்பை அத்தை தொடவில்லை. நாலாம் நாள் உப்பு குறைச்சல் என்று சுவரிடம் சொன்னாள்.

ஞாயிறு காலைகளில், கடை திறக்கும் முன், தீபிகாவும் சக்திவேலும் பனகல் பூங்காவில் சந்தித்துக்கொண்டார்கள். தாலி கட்டிய பிறகுதான் அவர்கள் காதலர்கள் ஆனார்கள். சக்திவேல் சுண்டல் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவள் புத்தகத்தைப் பிரித்து, சட்டப் பிரிவுகளைத் தப்புத் தப்பாக உச்சரித்துக் கேள்வி கேட்பான்.

"அன்னைக்கு ஏன் சரின்னு சொன்னீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"உன் முகத்தைப் பார்த்தேன். நான் மாட்டேன்னா நீ பழைய ஹாஸ்டலுக்கே போயிடுவேன்னு தோணுச்சு."

"போயிருப்பேன்."

"தெரியும்" என்றான். அவனுக்கு அதில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. அதை அவள் கவனித்தாள், சமாதானம் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது ஞாயிறு யாரோ உறவுக்காரர் அவர்களைப் பார்த்துவிட்டார். தீபிகா வீடு திரும்புவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. அன்றுதான் இசக்கியம்மாள் மறுபடி நேராகப் பேசினாள்.

"பார்க்குல உக்காந்து பேசிக்கிட்டு இருக்கியளாமே?"

"ஆமா அத்தை. பார்க்குல உக்காந்து பேசினா பிள்ளை பிறக்காது."

இசக்கியம்மாள் சட்டென்று அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கோபமா சிரிப்பா என்று தீபிகாவுக்குத் தெரியவில்லை. கொஞ்சநேரம் கழித்து முருங்கைக்காயை நறுக்கியபடியே அத்தை கேட்டாள்.

"உனக்கு எம்மேல பயமே கிடையாதா?"

"இருக்கு அத்தை. தினமும் பயந்துக்கிட்டேதான் கிளம்பிப் போறேன்."

அத்தை அடுத்த முருங்கைக்காயை எடுத்தாள். அதற்குப் பிறகு அவள் சுவரோடு பேசவில்லை.

ஆவணி முதல் தேதி அழுக்குத் துணி மூட்டையோடு சக்திவேல் வீடு திரும்பினான். தீபிகா வகுப்பில் இருந்தாள். புரட்டாசியில் ஒருநாள் ஊரிலிருந்து அம்மாவின் எண்ணில் அழைப்பு வந்தது. எடுத்தால் அப்பாவின் குரல். "சாப்பிட்டியா?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவளும் "ஆச்சுப்பா" என்பதற்கு மேல் சொல்லவில்லை. மன்னிப்பு கேட்கிற மாதிரி எதையும் அவள் செய்ததாக அவளுக்குத் தோன்றவில்லை.

மார்கழியில் தேர்வு. ஐந்து தாள் எழுதி நான்கில் தேறினாள். சொத்துச் சட்டத்தில் போய்விட்டது. "இம்புட்டு ஆட்டம் ஆடிட்டு ஒண்ணுல கோட்டை விட்டுட்டு வந்திருக்கா" என்று இசக்கியம்மாள் ஃபோனில் யாரிடமோ சொல்வது உள் அறையில் கேட்டது. "திரும்ப எழுதுவேன்னும் சொல்லுங்க அத்தை" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள் தீபிகா.

அந்தத் தாளை மறுபடி எழுதும் நாள், சித்திரையில் ராஜரத்தினத்தின் சொந்த ஊரில் கோயில் கொடைத் திருவிழா நடக்கும் அதே வாரத்தில் வந்தது. வீடே கிளம்பியது. புது மருமகள் முதல் கொடைக்கு வராமல் இருப்பது பெரிய குறைதான், உறவில் பேசுவார்கள். வர முடியாது என்று தீபிகா ஒரே வாக்கியத்தில் சொன்னாள். இந்த முறை கூடத்தில் யாரும் கூடவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இசக்கியம்மாள், "காஸை மூடிட்டுப் போ. இந்தத் தடவையாவது தேறித் தொலை" என்றாள்.

தேர்வு முடிவு வந்த அன்று அத்தை கடையில் இருந்தாள். கல்லூரி வாசலிலிருந்து தீபிகா அழைத்தாள்.

"தேறிட்டேன் அத்தை. அம்பத்திரெண்டு."

"அம்பத்திரெண்டா? நூத்துக்கா?"

"ஆமா, நூத்துக்குத்தான்" என்றாள் தீபிகா, குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல்.