ஆஸிலோஸ்கோப்புக்கு வைத்த குங்குமம்

ஓசூர் கம்பெனியில் என் பொறுப்பில் இருந்த பழைய ஆஸிலோஸ்கோப்பில், மின் அலையைக் காட்டும் பச்சைக் கோடு திடீரென்று வரவில்லை. மூன்று வாரம் டிரான்சிஸ்டரும் கண்டன்சரும் மாற்றிப் பார்த்தேன். தூசியைத் திட்டினேன், பல்லியைத் திட்டினேன், அந்தக் கருவியைத் தயாரித்தவனையும் விடவில்லை. கடைசியில் உள்ளே ஒரு தகர மூடியைக் கழற்றினால், ஹை வோல்டேஜ் டிரான்ஸ்பார்மர் கருகிக் கிடந்தது. அதன் மேல் குங்குமம் வழிந்த கறை.

ஆயுத பூஜையன்று காற்றுத் துளைகளின் மேலேயே குங்குமம் வைத்து, மாவிலையால் தீர்த்தமும் தெளித்தவன் நானேதான். அந்த டிரான்ஸ்பார்மர் பெங்களூரில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜையில், செத்துக் கிடந்த அதற்கும் ஆபரேட்டர் ஒருவர் பொட்டு வைத்தார்.

"சார், தீர்த்தம் தெளிக்கலாங்களா?"

"நல்லாத் தெளிங்க" என்றேன்.